ஆளுயரப் பானை

மாத்தளை ஆஸ்பத்திரியில் மார்ஜரி மிஸி உட்கார்ந்து பார்த்தவர்கள் யாருமில்லை. எங்கள் ஊரில் நர்ஸ்மாரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். மற்ற மிஸிமார் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் வார்டைச் சுற்றுவார்கள். இவள் சுற்றுவதற்குக் கணக்கே கிடையாது. காலும் நிற்காது, வாயும் நிற்காது. "எனக்கு என்ன வருத்தம் மிஸி?" என்று காய்ச்சல்காரன் கேட்டுவிட்டால் போச்சு. மற்றவர்கள் "ஒண்ணுமில்ல, சும்மா காய்ச்சல்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மார்ஜரி மிஸியோ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டைபாய்ட் என்றால் டைபாய்ட் என்றும், இப்போது குடலுக்குள் என்ன நடக்கிறது என்றும், என்ன செய்தால் பிழைப்பான், என்ன செய்தால் போய்ச் சேருவான் என்றும் ஒன்றுவிடாமல் சொல்லி முடிப்பாள். உக்குவளைக் கடை முதலாளி ஒருவர் அதைக் கேட்டு மயங்கி விழுந்தார் என்று ஒரு கதை உலாவுகிறது. அது பொய். விழவில்லை, உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

கல்யாணம் கட்டாதவள், அதனால்தான் இந்தக் கடுகடுப்பு என்று பேசுகிறவர்களும் உண்டு. விஷயம் தெரியாதவர்கள். மார்ஜரிக்கு வரன் வராமல் இல்லை. வந்தது, நல்ல வரன்தான் வந்தது. வேண்டாம் என்று சொன்னது அவள். அதைச் சொன்ன இடம் மாத்தளைகூட இல்லை. லண்டனில், மியூசியம் என்கிறார்களே, அப்படியொரு நூதனசாலைக்குள், மூக்கு உடைந்த கற்சிலைகளுக்கு நடுவில்.

அவளுடைய அப்பா ஹெர்பர்ட், உக்குவளைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் டிஸ்பென்சராக இருந்தார். மருந்து கலக்குவதும் புண் கட்டுவதும் அவர் வேலை. டாக்டர் வராத நாட்களில் டாக்டரும் அவர்தான், டாக்டர் பெரும்பாலும் வருவதில்லை. வீட்டின் முன்பக்கம்தான் மருந்துச்சாலை என்பதால் மார்ஜரி சமையலறையைவிட அங்கேதான் அதிகம் வளர்ந்தாள். ஒரு கன்னியாஸ்திரியின் சிபாரிசில், அறுபத்தொன்றாம் ஆண்டு, நர்ஸ் படிப்புக்காக லண்டனுக்குக் கப்பலேறினாள். தோட்டத்திலிருந்து ஒரு பெண் கடல் தாண்டிப் போவது அதுதான் முதல் தடவை. அம்மா மதலேனா கொழும்புத் துறைமுகத்தில் அழுத அழுகையில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி துவாய் எடுத்துக் கொடுத்தாளாம்.

இரண்டு வருஷம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் பெரிய கிளாக்கர் வாயைத் திறந்தார்.

தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி, கணக்குவழக்குப் பார்க்கும் பெரிய கிளாக்கர். அவர் மகன் ஒஸ்வல்ட்டும் லண்டனில்தான் நில அளவை படித்துக்கொண்டிருந்தான். படிப்பு முடிந்துவிட்டது, நத்தார்ப் பண்டிகைக்குமுன் ஊர் திரும்புகிறான். ஒரே தோட்டம், ஒரே கோயில், இப்போது ஒரே சீமை. மகனோடு சேர்த்து மருமகளையும் ஒரே கப்பலில் வரவழைத்துவிடலாமே என்று பெரிய கிளாக்கர் கேட்டார். ஹெர்பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "அதுக்கென்னங்க ஐயா" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் மார்ஜரியின் படிப்புக்கு மூன்றாம் வருஷம் இல்லாமல் போயிற்று. இரண்டு வருஷம் படித்த நர்ஸ் என்று உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் ஓர் உத்தியோகம் கிடையாது. பாதி தைத்த சட்டையை யார் போடுவார்கள்?

மார்ஜரி முடியாது என்று எழுதினாள். அதற்கு அம்மா கெஞ்சி எழுதினாள். அப்பா சொல் கொடுத்துவிட்டார், பார்க்காமலே வேண்டாம் என்றால் பெரிய கிளாக்கர் முகத்தில் எப்படி விழிப்பது, போய்ப் பார், பார்த்துவிட்டுத் தந்தி அடி என்று.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பையனுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொன்னால் போதும். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். பெண் அப்படிச் சொல்ல முடியாது. அவள் காரணம் காட்டவேண்டும். குடிக்கிறான், வேறு தொடுப்பு இருக்கிறது, ஒரு கண் மாறுகண், இப்படி நாலு பேர் கேட்டுத் தலையாட்டக்கூடிய குறையாக இருக்கவேண்டும். படிக்க ஆசை என்பதெல்லாம் காரணத்தில் சேராது. ஆகவே மார்ஜரிக்கு அன்றைக்கு ஒரு வேலைதான் இருந்தது: ஒஸ்வல்ட்டிடம் ஒரு குறை கண்டுபிடிக்கவேண்டும். கிடைக்காவிட்டால் மறுநாள் சம்மதம் என்று தந்தி போகும், கப்பலில் இடம் பதிவாகும்.

பெண் பார்க்க இடம் வேண்டுமே. நர்ஸ்மார் விடுதிக்குள் ஆண்பிள்ளை வரக்கூடாது, ஒஸ்வல்ட்டின் அறைக்கு இவள் போகக்கூடாது. படம் பார்க்கப் போனால் பேச்சு வரும், அந்தச் செய்தி கப்பலைவிட வேகமாக மாத்தளைக்குப் போய்ச் சேரும். யோசித்து யோசித்து ஒஸ்வல்ட்தான் நூதனசாலையைச் சொல்லி அனுப்பியிருந்தான். நல்ல வெளிச்சமான இடம், நாலு பேர் நடமாடுகிற இடம். பெரியவர்கள் இல்லாத குறைக்கு உள்ளே இருப்பதெல்லாம் ரொம்பப் பெரியவர்கள், மூவாயிரம் வயது, நாலாயிரம் வயது.

சனிக்கிழமை. மார்ஜரி நேரத்தோடே வந்துவிட்டாள். நீலச் சேலை, அதற்குமேல் ஓவர்கோட், காலில் புதுச் சப்பாத்து. சப்பாத்து முதல் அறையிலேயே கடிக்கத் தொடங்கிற்று. இருந்தும் ஓரிடத்தில் நிற்க அவளால் முடியவில்லை. வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். தாடி வைத்து இறக்கை முளைத்த கல் எருது ஒன்றைச் சுற்றி வந்தாள். செத்தவர்களைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் இடத்துக்குப் போனாள். பிரேதம் அவளுக்குப் புதிதல்ல, முந்தின இரவுதான் வார்டில் ஒன்றைக் கழுவி வெள்ளைத் துணியில் சுற்றி அனுப்பியிருந்தாள். இவ்வளவு காலம் கெடாமல் எப்படிச் சுற்றினார்கள் என்று ஒரு கணம் நின்று பார்த்தாள். உடனே மறுபடி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் படும் கறுப்புத் தலையெல்லாம் ஒஸ்வல்ட்டாகத் தெரிந்தது. தோட்டத்தில் அவனைக் கடைசியாகப் பார்த்தபோது அரைக்கால் சட்டை போட்டிருந்தான். இப்போது எப்படியிருப்பானோ! தொந்தி விழுந்திருந்தால் நல்லது. பல் கறுத்திருந்தால் இன்னும் நல்லது.

அப்படிச் சுற்றிச் சுற்றி வந்தவள் கறுப்புக் கல்லில் உட்கார்ந்திருந்த ஓர் அரசியின் முன்னால் வந்து நின்றாள். எந்த நாட்டு அரசியோ, எழுதியிருந்ததை வாசிக்கும் நிலையில் அவள் இல்லை. அரசி முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். கால்விரல்கள் தேய்ந்து வழவழவென்று மின்னின. மாத்தளைக் கோயிலில் அந்தோனியார் சுரூபத்தின் கால்விரல்களும் அப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வருகிற ஒருவரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் போகமாட்டார்கள். தொட்டுத் தொட்டு வர்ணம் போய் வெள்ளை தெரியும். மார்ஜரியும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தொட்டவள்தான். கை தானாகப் போயிற்று. அரசியின் காலைத் தொட்டாள், விரல்களை இரண்டு கண்ணிலும் வைத்து அழுத்திக்கொண்டாள், அப்படியே கண்ணை மூடி நின்றாள்.

"அந்தோனியாரே, அந்த ஆள்கிட்ட ஒரே ஒரு குறை காட்டுங்க. பெரிசா வேணாம். தந்தியில எழுதுற அளவுக்கு இருந்தாப் போதும்."

"ஏய்! தொடாதே!"

ஆங்கிலத்தில் ஓர் அதட்டல். மண்டபம் முழுவதும் எதிரொலித்தது. காவலாளியின் சப்பாத்துச் சத்தம் நெருங்கி வந்தது. "பார்க்கவில்லையா நீ? இங்கே எதையும் தொடக்கூடாது. பெயர் என்ன? எங்கே வேலை செய்கிறாய்?"

ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னால் மேட்ரனுக்குப் புகார் போகும். புகார் போனால் ஒஸ்வல்ட்டே வேண்டியதில்லை, படிப்பு இன்றைக்கே முடிந்துவிடும். பயத்தில் கண்ணைத் திறக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அப்போது இன்னொரு குரல், நல்ல ஆங்கிலத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு குறுக்கே வந்தது.

"மன்னிக்கவேண்டும் ஐயா. இவருக்குக் கண் தெரியாது. தொட்டுத்தான் பார்ப்பார்."

சொல்லிவிட்டு அந்தக் குரல் அவள் காதருகே தமிழில் சொன்னது: "கண்ணைத் தெறந்துடாதீங்க. நான்தான் ஒஸ்வல்ட்."

இப்படித்தான் பெண் பார்க்கும் வைபவம் தொடங்கிற்று. பெண் தலை குனிந்து நிற்பது எங்கள் ஊர் வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு நின்றவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

காவலாளியின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. அவர் அதட்டியதற்காக மூன்று தரம் மன்னிப்புக் கேட்டார். தன் தாயாருக்கும் கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டதாகச் சொன்னார். கண்ணில்லாதவர்களுக்கு இங்கே சிலவற்றைத் தொட அனுமதி உண்டு, மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன், மெதுவாக வாருங்கள் என்று வழியையும் காட்டிவிட்டுப் போனார். போனவர் ஒரேயடியாகப் போகவில்லை. அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அதனால் மார்ஜரி கண்ணைத் திறக்க முடியவில்லை.

ஒஸ்வல்ட் அவள் ஓவர்கோட்டின் கைப்பகுதியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். கையைப் பிடிக்கவில்லை. அந்த நாகரிகம் அவளுக்குப் பிடித்திருந்தது, பிடித்ததே என்று எரிச்சலும் வந்தது.

"முன்னுக்கு ரெண்டு படி இருக்குங்க. எறங்குங்க. இப்ப இடது பக்கம் தூண் வருது, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க." நில அளவை படித்தவன் அல்லவா, வழி சொல்வதில் ஒரு பிசகும் இல்லை. "இப்ப ஒரு பெரிய தலை. தலை மட்டுந்தான், ஒடம்பு இல்ல. நம்ம துரை பங்களாவுல கோவிச்சுக்கிட்டு நிப்பாரே, அதே மொகம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். குடிக்கிற வாடை இல்லை. சிகரட் வாடை இல்லை. குரல் மென்மை, திக்குவாய் இல்லை. இமைக்கு இடையில் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள். தொந்தியும் இல்லை. பல் எல்லாம் வரிசையாக இருந்தது. அந்தோனியார் கைவிட்டுவிட்டாரே என்று அவளுக்கு அழுகை வந்தது.

ஒஸ்வல்ட் பேசிக்கொண்டே நடந்தான். சுது கங்கையில் வெள்ளம் வந்த வருஷம் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்ததைச் சொன்னான். லண்டனில் மரக்கறிக்கு உறைப்புப் போதவில்லை என்று அங்கலாய்த்தான். ஊருக்குப் போனதும் அரசாங்க நில அளவைத் திணைக்களத்தில் வேலை தயார் என்றான். நல்ல பிள்ளை. இவனைக் கட்டிக்கொண்டால் யாரும் அனுதாபப்படமாட்டார்கள், மாறாகப் பொறாமைப்படுவார்கள். நடக்க நடக்க மார்ஜரிக்குள் என்னவோ கூண்டுக்குள் அடைத்த மாதிரி முட்டியது. இன்னும் எத்தனை அறை இருக்கிறது, எப்போது வெளியே போவது, என்ன சொல்வது?

அடுத்த அறைக்குள் காலை வைத்ததும் ஒஸ்வல்ட் பேச்சை நிறுத்திவிட்டான். கோட்டைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. நடை வேகமாயிற்று.

"என்னங்க, இங்க என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லீங்க. பானை சட்டிதான்."

"பானையா?"

"ஆமாங்க. பழைய காலத்துப் பானை, சட்டி, ரெண்டு மூணு கூஜா. பாக்குற மாதிரி ஒண்ணும் இல்ல. வாங்க, போவம்."

மார்ஜரி இமையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். அறையின் இரண்டு பக்கமும் வெள்ளைச் சலவைக்கல்லில் வாலிபர்கள் நின்றார்கள். ஒருவனுக்குக் கை இல்லை, ஒருவனுக்கு மூக்கு இல்லை. ஒருவன் உடம்பிலும் ஒரு முழத்துணி இல்லை. ஒஸ்வல்ட் காது சிவந்து, கழுத்து வேர்த்து, பார்வையைக் கூரையில் குத்திவைத்துக்கொண்டு அவளை இழுக்காத குறையாக நடத்திப்போனான்.

அவளுக்கு முதலில் அவன்மேல் பாசமே வந்தது. பாவம்! ஒரு வருஷமாக ஆண்கள் வார்டில் காலையும் மாலையும் உடம்பு துடைத்துவிடுகிறவள் அவள். கப்பல் கூலி முதல், ஓய்வுபெற்ற நீதவான்வரை அவள் கையில் குளித்திருக்கிறார்கள். அவளுக்கு இந்தக் கல் வாலிபர்கள் ஒரு பொருட்டா? சும்மா சீண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"பெரிய பானைங்களா?"

"ம்... ஆமாங்க. ஆளுயரப் பானை."

"அவ்வளவு பெரிய பானையில என்ன சமைச்சிருப்பாங்க?"

"தெரியலீங்க. வாங்க."

அறையின் கடைசியில் ஒரு பெஞ்சு இருந்தது. சிலைகளுக்கு முதுகைக் காட்டி உட்காருகிற மாதிரி அவளை அதில் உட்காரவைத்தபிறகுதான் ஒஸ்வல்ட்டுக்கு மூச்சு வந்தது. அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். பேசவேண்டியதைப் பேசிவிடவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, தொண்டையைக் கனைத்தான்.

"உங்க வேலையைப் பத்தி எங்க வீட்ல நான் முழுசாச் சொல்லல. சின்னப் பிள்ளைங்க வார்டுல இருக்கீங்கன்னு எழுதியிருக்கேன். ஆம்பிளைங்க வார்டுன்னு தெரிஞ்சா அம்மா மனசு ஒடைஞ்சு போயிருவாங்க."

மார்ஜரி கடிக்கிற சப்பாத்துக்குள் கால்விரல்களை நெளித்தாள்.

"படிப்பை நீங்களே வேணாம்னு விட்டதா உங்க அப்பாக்கிட்டயும் சொல்லிக்கலாம். அவருக்கும் நிம்மதி. எங்கப்பாவுக்கு இருதயத்துல கொஞ்சம் வருத்தம், அது அவருக்கே தெரியாது. நாந்தான் அவர்கிட்ட சொல்ல வேணாம்னு டாக்டருக்கு எழுதினேன். எதுக்குங்க தெரிஞ்சுக்கிட்டு? நீங்க ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க. ஒரு கஷ்டமும் தெரியாம வச்சுக்குவேன் ஒங்கள."

அவன் அதை மனசாரத்தான் சொன்னான். எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளை சொல்லக்கூடிய மிக நல்ல வார்த்தையே அதுதான், கேட்டால் பெண்ணைப் பெற்ற தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மார்ஜரி மட்டும் கண்ணைத் துடைக்கவில்லை. இவனோடு வாழப்போகிற வீட்டின் ஒவ்வொரு அறையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லா அறையிலும் பானை சட்டி. பக்கத்தில் யார் சாகிறார்கள், கையில் காசு இருக்கிறதா, புருஷனுக்கு என்ன நோய், எதைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்லீங்க, பானை சட்டிதான், வாங்க" என்று இந்த மென்மையான குரல் கோட்டுக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும். கோபிக்கவும் முடியாது. நல்லவனாயிற்றே!

அந்த நேரம் பார்த்துக் காவலாளி சந்தோஷமாகத் திரும்பி வந்தார். கூடவே ஒரு கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார், அவள் நின்று நின்று களைத்துப்போவாள் என்று.

"அனுமதி கிடைத்துவிட்டது மிஸ்," என்றார். "இந்த அறையில் ஒரு சிலையை நீங்கள் தொடலாம். ஓர் இளைஞன், மல்யுத்த வீரன். அவன் தோளும் கையும் அவ்வளவு அழகு. என் அம்மா உயிரோடு இருந்தபோது அவளைக் கூட்டிவந்து தொடவைத்திருக்கிறேன்."

ஒஸ்வல்ட் பதறிப்போனான். பதற்றத்தில், மார்ஜரி இரண்டு வருஷமாக ஆங்கிலத்தில் படித்துப் பரீட்சை எழுதுகிறவள் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. தமிழில் அவசரமாகச் சொன்னான்:

"பானை ஒண்ணைத் தொட்டுப் பாக்கச் சொல்றாருங்க. வேணாம்னுடுங்க. கையெல்லாம் அழுக்காயிரும்."

மார்ஜரி எழுந்து நின்றாள். திரும்பினாள். இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்தாள். அந்த மல்யுத்த வீரனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், அப்புறம் காவலாளியின் முகத்தைப் பார்த்தாள். நரைத்த மீசை, கன்னத்தில் சவரக் கத்தி கீறிய புதுக் காயம், கையில் அந்தக் கதிரை.

"ஐயா, எனக்குக் கண் தெரியும்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "பயத்தில் பொய்யாக நின்றேன். எங்கள் ஊர்க் கோயிலில் சுரூபத்தின் காலைத் தொட்டு வணங்குவோம், அந்தப் பழக்கத்தில் தொட்டுவிட்டேன். நான் நர்ஸ் படிக்கிறவள். பெயரும் ஆஸ்பத்திரியும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

காவலாளி கதிரையைக் கீழே வைத்தார். கோபித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை. அவள் கண்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கண்கள்," என்றார். "அவை நன்றாக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான் மிஸ். பெயர் வேண்டாம். வாசல் அந்தப் பக்கம்."

அவள் கூனிக்குறுகிப்போனாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கதிரையை நினைத்தால் அவளுக்கு முகம் சுண்டிப்போகும்.

வெளிப்படிக்கட்டில் குளிர்காற்று அடித்தது. ஒஸ்வல்ட் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே நின்றான்.

"எப்ப... எப்ப கண்ணைத் தெறந்தீங்க?"

"அந்த அறைக்குள்ள போனப்பவே."

"ஒங்க மனசு சங்கடப்படக்கூடாதுன்னுதாங்க..."

"தெரியும். நீங்க நல்லவரு. ஆனா எனக்குப் பாக்கணும்ங்க, மிஸ்டர் ஒஸ்வல்ட். அசிங்கமா இருந்தாலும் பாக்கணும். எனக்குச் சம்மதம் இல்ல. வீட்ல நானே சொல்லிக்கிறேன்."

சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலை தடுக்க, காலுறையோடு பஸ் நிறுத்தம்வரை ஓடினாள். லண்டன்காரர்கள் நின்று பார்த்தார்கள்.

தந்தியில் என்ன காரணம் எழுதுவது? பானையே இல்லாத ஓர் அறையில் பானை இருப்பதாகச் சொன்னார் என்றா? இரவு முழுவதும் யோசித்துவிட்டு, "சம்மதமில்லை, அவர் மேல் குற்றமில்லை" என்று மட்டும் அடித்தாள். காரணமில்லாத மறுப்பு! தோட்டமே மூக்கில் விரலை வைத்தது. பெரிய கிளாக்கர் ஹெர்பர்ட்டோடு பேச்சை விட்டார். மருந்துச்சாலைக்கு வரவேண்டிய சாமான்கள் தாமதமாகின, கூரை ஒழுகினால் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஹெர்பர்ட் மகளுக்கு ஒரு வருஷம் ஒரு வரி எழுதவில்லை. மார்ஜரி அழுதாள், அழுதுகொண்டே மூன்றாம் வருஷப் பரீட்சை எழுதினாள். படிப்பு முடித்து ஊருக்கு வந்தபோது உக்குவளை ஸ்டேஷனில் அப்பா நின்றார். அவள் பெட்டியை மட்டும் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் அவள் மறுபடி அழுதாள்.

ஒஸ்வல்ட் கண்டியில் ஒரு பெண்ணைக் கட்டினான். பெரிய கிளாக்கர் ஒருநாள் காலையில் தேநீர்க் கோப்பையோடு சாய்ந்தார். இருதயம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லையாம்.

எழுபத்திரண்டிலோ என்னவோ, நாவுலவுக்கு அப்பால் காட்டுக்குள் எல்லை அளக்கப் போன இடத்தில் ஒஸ்வல்ட் பள்ளத்தில் சறுக்கி விழுந்தான். மரக்கட்டை ஒன்று தொடையின் மேல்பக்கம் ஏறிவிட்டது. சின்னக் காயந்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பச்சிலையை வைத்துக் கட்டிக்கொண்டு, இடுப்புச் சாரத்தைத் தழையக் கட்டி மறைத்தபடி நடமாடியிருக்கிறான். காய்ச்சல் ஏறி உளறத் தொடங்கியபிறகுதான் மாத்தளைக்குக் கொண்டுவந்தார்கள்.

கட்டுப்போட மிஸி வருகிறாள் என்றதும் அவன் சாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "ஆம்பிளை யாரையாவது அனுப்பச் சொல்லுங்க" என்று வார்டில் வேலை செய்யும் அழகமுத்துவிடம் கெஞ்சினான்.

"இங்க மார்ஜரி மிஸிதாங்க," என்றான் அழகமுத்து. "அவங்க கேட்டுட்டு வரமாட்டாங்க."

திரையை விலக்கிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். யாரென்று இருவருக்கும் தெரிந்துபோயிற்று. ஒஸ்வல்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் கையைக் கழுவினாள், சாரத்தை விலக்கினாள், கட்டைப் பிரித்தாள். நாற்றம் குப்பென்று வந்தது. அழகமுத்துவே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எப்படியிருக்கு மிஸி?" கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"சீழ் கட்டியிருக்கு. சுத்திச் சதை கறுத்திருக்கு, உள்ளங்கை அளவு. கட்டைத்துண்டு ஒண்ணு இன்னும் உள்ளுக்கு நிக்குது. நாளைக்கு டாக்டர் வெட்டி எடுப்பாரு. இப்ப நான் கழுவுறேன், உசுர் போற மாதிரி வலிக்கும். காலு தப்பும்னு நெனக்கிறேன், ஆனா இப்ப சத்தியம் பண்ண முடியாது."

அவன் மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் கழுவினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். முடிந்ததும் புதுத் துணி வைத்துக் கட்டினாள். அவளுடைய கைதான் அசைந்தது, கால் அசையவில்லை. மார்ஜரி மிஸி அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றதை அழகமுத்து அன்றுதான் பார்த்தான்.

திரைக்கு வெளியே அவன் மனைவி, அந்தக் கண்டிப் பெண், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். காயத்தை அவள் இன்னும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"அவளுக்கு ஒண்ணும் சொல்லிறாதீங்க மிஸி," என்றான் ஒஸ்வல்ட், மெதுவாக. "தாங்கமாட்டா. சும்மா கீறல்னு சொல்லுங்க."

மார்ஜரி மிஸி அழுக்குத் துணிகளைத் தட்டில் அள்ளிப்போட்டாள். கையைத் துடைத்தாள். போய்த் திரையை முழுவதுமாக ஒருபக்கம் தள்ளிவிட்டாள்.

"வாங்க," என்றாள் அந்தப் பெண்ணிடம். "வந்து நீங்களே பாருங்க."